கோல்ப் ‘பங்கர்’ பதுங்கு குழி அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கோல்ப் செய்தியொன்றில், ‘பதினேழாவது குழியருகே இருந்த பதுங்கு குழிக்குள் சிக்கிய வீரர், மூன்று முயற்சிகளின் பின்னரே குழியை விட்டு வெளியேறிப் பந்தைக் குழியில் சேர்த்தார்’ என்ற வசனத்தை வாசித்தேன். ஒரே வசனத்தில் நான்கு இடங்களில் குழி வருகிறது. அவற்றுள் இரண்டு பந்து சென்று சேரவேண்டிய குழியையும், மற்ற இரண்டு பந்து தவறி விழும், ஆங்கிலத்தில் ‘பங்கர்’ எனப்படும் மணற்பள்ளத்தையும் குறிக்கின்றன. விளையாட்டை அறியாத வாசகர் ஒருவர், அந்த வீரரே ஏதோ பள்ளத்தில் இறங்கி ஒளிந்திருந்தார் என்று எண்ணினால் அவர்மீது குற்றமில்லை. அதே செய்தியில் ‘லிங்க்ஸ்’ என்ற சொல் ‘இணைப்பு மைதானம்’ என்று பெயர்க்கப்பட்டிருந்தது. எதனோடு எது இணைக்கப்பட்டது என்று செய்தியைக் கடைசிவரை தேடியும் நான் காணவில்லை.

ஒரு சொல்லுக்காக இத்தனை நீளக் கடிதமா என்று தாங்கள் கேட்கலாம். நான் வடமராட்சியில் பிறந்தவன்; முப்பது ஆண்டுகளாக ஸ்கொட்லாந்தில் வசிப்பவன். எங்கள் வீட்டுக் கோடியில் மாமரத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் ஒரு பதுங்கு குழி இருந்தது. ‘எல்’ வடிவில் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு மூடிய அந்தக் குழியை நாங்கள் யாரும் பதுங்கு குழி என்று வாயால் சொன்னதில்லை. ‘பங்கர்’ என்றே சொன்னோம். பத்திரிகையும் வானொலியுமே பதுங்கு குழி என்றன. ஆகவே அந்தச் சொல்லைக் கோல்ப் செய்தியில் காணும்போது என் தலைமுறையைச் சேர்ந்த வாசகர்களுக்கு உள்ளே என்ன நேரும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. ஆனால் மனம் நோகிறது என்பதற்காக நான் இந்தச் சொல்லை எதிர்க்கவில்லை. அது பொருளளவில் பிழையான சொல் என்பதே என் முறைப்பாடு. அந்தப் பிழையை நான் உணர்ந்தது, சென்ட் அன்ட்ரூஸ் நகரத்து ஓல்ட் கோர்ஸ் என்னும் மிகப் பழைய கோல்ப் நிலத்தை நேரில் நடந்து பார்த்தபோதுதான்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் எடின்பரோவில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஒருநாள் கடைச் சாமான்களோடு உள்ளே வந்தபோது, வீட்டுக்கார அம்மா அவற்றைப் ‘பங்கரின் மேல்’ வைக்கச் சொன்னார். நான் சற்றுத் திகைத்து நின்றேன். அவர் காட்டியது குசினியில் காய்கறி நறுக்கும் மேடையை. ஸ்கொட்லாந்தின் கிழக்குப் பகுதியில் அந்த மேடைக்குப் பங்கர் என்ற பெயர் இன்னும் வழங்குகிறது. முன்பு அது பெட்டிபோல மூடியுள்ள இருக்கை. உள்ளே சாமான் வைக்கலாம், மேலே உட்காரலாம். நிலக்கரி கொட்டி வைக்கும் அறைக்கும் அதே பெயர்தான். கோல்ப் விதிகளைப் பொறுத்தவரை, சென்ட் அன்ட்ரூஸில் 1812 இல் எழுதப்பட்ட விதிகளிலேயே இந்தச் சொல் வந்துவிட்டது. படைவீரர் ஒளியும் அரண் என்ற பொருள் இருபதாம் நூற்றாண்டின் போர்களோடு சேர்ந்து வந்தது. அதாவது மணற்பள்ளம் என்ற பொருள் மூத்தது, இராணுவப் பொருள் இளையது. தமிழில் நாம் இளையதை எடுத்து மூத்ததற்குச் சூட்டியிருக்கிறோம்.

இனி நான் கண்டதைச் சொல்கிறேன். நான் இப்போது வசிக்கும் டண்டீயிலிருந்து டே ஆற்றுப் பாலத்தைக் கடந்து, லூக்கர்ஸ் வழியாகப் பேருந்தில் சென்ட் அன்ட்ரூஸுக்குச் செல்லலாம். அந்த நகரத்துக்கு இப்போது புகையிரதம் கிடையாது; நிலையம் 1969 இல் மூடப்பட்டுவிட்டது. என் அயலவர் ஒருவர், கோல்ப் நிலம் பேணும் வேலையில் வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்றவர், ‘ஆட்டத்தைப் பார்க்கவேண்டுமானால் சனிக்கிழமை போ, நிலத்தைப் பார்க்கவேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வா’ என்று சொல்லி என்னைக் கூட்டிச்சென்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்ட் கோர்ஸில் வழக்கமாக ஆட்டம் இல்லை. ஆட்டக்காரருக்கு ஓய்வு தேவையில்லை என்றாலும் நிலத்துக்குத் தேவை என்று, 1865 முதல் 1903 வரை அங்கே நிலக்காப்பாளராக இருந்த முதிய டொம் மொரிஸ் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. அன்று ஊரார் நாய்களோடும் பிள்ளைகளோடும் அந்தப் புல்லில் உலாவுகிறார்கள். பதினெட்டுக் குழிகள் கொண்ட அந்த நிலத்தில், முதலாம் பதினெட்டாம் குழிகளின் புல்வெளியைக் குறுக்கறுத்து ஒரு பொது வீதியே செல்கிறது. அதில் தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் கடற்கரைக்குப் போனார். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற கோல்ப் மைதானத்துக்குள் அனுமதிச்சீட்டு இன்றி, யாரும் தடுக்காமல் நடந்து செல்லலாம் என்பதை அதுவரை நான் அறிந்திருக்கவில்லை. கொழும்பிலும் நுவரெலியாவிலும் கோல்ப் மைதானங்களை வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பழகியவனுக்கு அது ஒரு புதினம்தான்.

‘லிங்க்ஸ்’ என்பது இணைப்பு அன்று. பழைய ஆங்கிலத்தில் மேட்டையும் வரம்பையும் குறித்த ஒரு சொல்லிலிருந்து பிறந்தது அது. கடலுக்கும் பயிர்நிலத்துக்கும் நடுவே, அலையும் காற்றும் கொண்டுவந்து குவித்த மணல் மேடுபள்ளமாகக் கிடந்து, அதன்மேல் மெல்லிய புல் படர்ந்த நிலத்துக்கே ஸ்கொட்லாந்தில் அந்தப் பெயர். ஏர் பூட்டப் பயன்படாது, மழைநீர் நில்லாது, மரம் தழைக்காது. நம்மவர்க்கு விளங்கச் சொல்வதானால், அது புல் முளைத்த மணற்காடு. வடமராட்சிக் கிழக்கில் பழைய அந்தோனியார் தேவாலயத்தையே பாதி விழுங்கிய மணற்குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு, சென்ட் அன்ட்ரூஸின் நிலம் முதற்பார்வையிலேயே பரிச்சயமாகத் தோன்றும். நம் கரையில் இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் மணலைப் பிடித்துவைக்கும் வேலையை அங்கே ஆங்கிலத்தில் ‘மரம்’ என்று பெயர்கொண்ட முரட்டுப்புல் செய்கிறது. பெயரில் மரம், ஆளோ புல். குன்றுகளுக்குப் பின்னால், காற்று சற்றுத் தணிந்த இடத்தில், நூல்போல் மெலிந்த ஃபெஸ்க்யூ புல் தானே வளர்கிறது. அடியில் மணல் இருப்பதால் மாரிகாலத்திலும் தரை இறுகிக் கிடக்கும். பந்து விழுந்த இடத்தில் நில்லாமல் உருண்டு ஓடும். இந்த உருளல்தான் பின்னால் நான் சொல்லப்போகும் பள்ளங்களுக்கு உயிர். எல்லாக் கோல்ப் மைதானமும் லிங்க்ஸ் ஆகாது. காடு வெட்டிப் புல் நட்டு அமைத்த மலைநாட்டு மைதானத்தை அந்தப் பெயரால் அழைப்பது, குளத்தைக் கடல் என்பதுபோல.

பள்ளங்கள் எப்படி வந்தன என்று அயலவரிடம் கேட்டேன். ஆடுகள் தோண்டியவை என்றார். முதலில் அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். வடகடலின் காற்று ஊசிபோலக் குத்தும்போது, மேய்ந்த செம்மறிகள் மேட்டின் மறைவில் ஒட்டிப் படுக்கும்; படுக்கப் படுக்கப் புல் தேயும், மணல் வெளிப்படும், காற்று அதை வாரிக்கொண்டு போய்ப் பள்ளத்தைப் பெரிதாக்கும். முயல்களும் தம் பங்குக்கு வளை தோண்டின. இதுவே அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். எல்லாப் பள்ளமும் அப்படி வந்ததல்ல. தாழ்வான இடங்களில் பந்துகள் மீண்டும் மீண்டும் சேர, அங்கிருந்து ஓங்கி அடித்த மட்டைகள் புல்லைப் பெயர்த்ததால் உருவானவையும் உண்டு, மனிதர் வேண்டுமென்றே வெட்டியவையும் உண்டு. இங்கே தங்கள் மொழிபெயர்ப்பாளர் சார்பில் ஒரு வாதம் எழலாம் என்பதையும் நான் அறிவேன்: ஆடுகள் பதுங்கிய குழிதானே, பதுங்கு குழி என்று சொன்னால் என்ன பிழை? ஒப்புக்கொள்கிறேன், பதுங்கியது உண்மை. ஆனால் பதுங்கியது ஆடு, அதுவும் நூற்றாண்டுகளுக்கு முன்னர். இன்று அதில் விழுபவர் எவரும் அங்கே இருக்க விரும்பி விழுவதில்லை.

முயல்களின் கதை இன்னும் சற்று நீளமானது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 1552 இல் பேராயர் ஜோன் ஹமில்டன் ஒரு பட்டயம் எழுதினார். அதன்படி அந்த மணல்நிலத்தில் முயல் வளர்க்கும் உரிமை அவருக்கும், கோல்ப், உதைபந்து முதலியவற்றை ஆடும் உரிமையும் கால்நடை மேய்க்கும் உரிமையும் ஊராருக்கும் உரியன. 1797 இல் கடனில் மூழ்கிய நகரசபை அந்த நிலத்தைக் கைமாற்றியது. பிறகு அது வணிகத்துக்காக முயல் வளர்ப்போரின் கையில் சிக்கியது. முயல்கள் பெருகிப் புல்லைக் குடைந்து தள்ள, கோல்ப் ஆடுவோருக்கும் முயல்காரருக்கும் இடையில் வழக்கும் கைகலப்பும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. 1821 இல் ஜேம்ஸ் சீப் என்ற அயல் நிலவுடைமையாளர், தாமும் கோல்ப் பிரியர் என்பதால், நிலத்தை விலைக்கு வாங்கி அந்தச் சண்டையை முடித்துவைத்தார். 1894 ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் நிலம் மீண்டும் ஊரின் சொத்தானது. 1974 முதல் பொது அறக்கட்டளை ஒன்று அதைப் பராமரிக்கிறது. அந்த நிலவுடைமையாளரின் பெயர் இரண்டாம் குழியருகே ஒரு பள்ளத்துக்கு இட்ட பெயராக இன்றும் இருக்கிறது. நம்மூரில் இத்தகைய உபகாரிக்கு மண்டபம் கட்டிப் பெயர் வைப்போம்; அவர்கள் பள்ளத்துக்கு வைத்தார்கள்.

ஓல்ட் கோர்ஸில் இத்தகைய பள்ளங்கள் 112 என்று கணக்குச் சொல்கிறார்கள். கரைகளில் நின்று நான் பார்த்தவை இருபதுக்கு மேல் இரா. அன்று உள்ளே இறங்குவது முறையன்று என்று அயலவர் தடுத்துவிட்டார். தொலைக்காட்சியில் காணும் அமெரிக்க மைதானங்களில் வெள்ளை மணல் தட்டுப்போல அகன்று பரந்து, எங்கிருந்து பார்த்தாலும் கண்ணைப் பறிக்கும். இங்கே அப்படியில்லை. ஐம்பது அடி தள்ளி நின்றால் புல்வெளி மட்டுமே தெரியும்; கிட்டப் போனால் காலடியில் நிலம் சட்டென்று அறுந்து, கேணிபோன்ற ஒரு வாய் திறந்திருக்கும். குழி அமைந்த பக்கமாக நிற்கும் சுவர் ஏறத்தாழச் செங்குத்து. பதினான்காம் குழிப் பாதையில் ‘ஹெல்’, அதாவது நரகம், என்று பெயர்பெற்ற பெரும்பள்ளத்தின் சுவர் பத்தடி உயரமிருக்கும். ஆறடி மனிதர் உள்ளே நின்றால் தலை தெரியாது.

அந்தச் சுவர் கட்டப்படும் விதத்தை அயலவர் விளக்கினார். அந்த வேலையைத் தம் கையால் செய்தவர் அவர். மணற்சுவர் தானாக நில்லாது. ஆகவே புற்றரையைச் செங்கல் அளவில் பத்தைகளாகச் சீவி எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். மேசன்மார் கல் வைப்பதுபோலவே பொருத்துக்கு மேல் பொருத்து வராது. ஒவ்வொரு வரியும் கீழ்வரியிலிருந்து சிறிதே உள்வாங்கி நிற்கும். பின்புறம் மணலை இடித்து இறுக்குவார்கள். மாரிகாலத்தில், ஆட்டம் குறைந்திருக்கும் மாதங்களில், இந்த வேலை நடக்கும். வெயிலுக்கு முகம் கொடுத்த சுவர் விரைவில் காய்ந்து உதிரும், நிழற்பக்கம் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். எப்படியும் சில ஆண்டுகளில் பிரித்துக் கட்டத்தான் வேண்டும். இந்தச் செலவுக்கு அஞ்சிச் சில மைதானங்கள் இப்போது பழைய செயற்கைப் புல்விரிப்பை வெட்டி அடுக்குகின்றன என்று அவர் கூறியபோது, அதைச் சொல்வதற்கே அவருக்கு விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். வரிவரியாக அடுக்கிய அந்தச் சுவரை முதன்முதல் கண்டபோது எனக்கு நினைவில் வந்தவை மண்மூட்டைகள்தான். அதே மாறி மாறி வைக்கும் அடுக்கு, அதே உட்சாய்வு, மழைக்குப் பின் எழும் ஈரமண் வாசனையும் அதே. சில கணங்கள் நான் பேசவில்லை. தங்கள் மொழிபெயர்ப்பாளர் ஒரு படத்தைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லைத் தேர்ந்திருப்பாரானால், அவருடைய கண்ணில் பிழையில்லை. ஆனால் அண்ணாந்து பார்த்தேன்; மேலே வானம் இருந்தது. பதுங்கு குழி என்றால் அதற்குக் கூரை வேண்டும். கூரையில்லாத பதுங்கு குழியில் யாரும் பதுங்கியதில்லை.

இந்தப் பள்ளங்களில் பலவற்றுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயர்களைக் கேட்டாலே அவை ஊர் மக்களின் வாயில் பிறந்தவை என்பது விளங்கும். சவப்பெட்டிகள், பூனைப் பொறி, சிங்க வாய், மூக்குக் கண்ணாடி, ஏழு சகோதரிகள் என்று அவை போகின்றன. பதினாறாம் குழிப் பாதையில் ‘அதிபரின் மூக்கு’ என்று மூன்று பள்ளங்களின் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு கல்லூரி அதிபரின் எடுப்பான மூக்கை வைத்து வந்த பெயர் என்பார்கள். பாடசாலை அதிபர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் நம் ஊர்ப் பிள்ளைகள் எவருக்கும் குறைந்தவர்களல்லர். ஆனால் அதை நூறாண்டுக்கு மேல் வரைபடத்தில் ஏற்றி வைத்திருப்பது இவர்களின் தனிச்சிறப்பு. பதினைந்தாம் குழிப் பாதையில் இருந்த ஒரு பள்ளத்தை ஒருசமயம் நிரப்பிவிட்டார்களாம். சதர்லண்ட் என்ற ஆட்டக்காரர் அதைத் தமக்கு நேர்ந்த அநீதிபோலக் கருதிச் சண்டை பிடிக்க, சில நாட்களில் இரவோடிரவாக அந்தப் பள்ளம் மீண்டும் தோண்டப்பட்டிருந்தது. இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தன் பந்தை விழுங்கும் பள்ளத்துக்காக ஒரு மனிதர் வழக்காடத் துணிந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

நான் கேட்ட அடுத்த கேள்வி, பல பள்ளங்கள் ஆட்டம் தொடங்கும் இடத்திலிருந்து கண்ணுக்கே தெரியவில்லையே, இது நியாயமா என்பது. அதற்குக் கிடைத்த விடையைப் போல இந்த நிலத்தை விளங்கவைத்தது வேறொன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அங்கே ஆட்டம் இன்று நடக்கும் திசைக்கு எதிர்த்திசையிலும் நடந்தது. முதலாம் குழியைத் தொடங்கும் இடத்திலிருந்து பதினேழாம் குழியை நோக்கி அடித்து, முழுச் சுற்றையும் தலைகீழாக வந்தார்கள். அந்தத் திசையில் வருபவருக்கு நேரே தெரிந்த பள்ளங்கள், இந்தத் திசையில் வருபவருக்கு மேட்டின் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. திசையை மாற்றினார்கள், பள்ளங்களை மாற்றவில்லை. புதிதாக வருபவர்கள் நல்ல அடி அடித்துவிட்டோம் என்று மகிழ்ந்து நடந்துபோய்ப் பந்தைத் தேடினால், அது எதிர்பாராத ஒரு பள்ளத்தின் அடியில் கிடக்கும். உள்ளூர் உதவியாளரை உடன் அழைத்துச் செல்வது அங்கே ஆடம்பரம் அன்று என்பது இதனாற்றான்.

பெரும் பள்ளங்களைவிடச் சிறியனவே கொடியவை என்பதைப் பதினேழாம் குழியருகே நின்றபோது உணர்ந்தேன். கிறீன் எனப்படும் மழித்த புற்றரையின் இடப்புறத்தைக் குடைந்துகொண்டு ‘ரோட் பங்கர்’ இருக்கிறது; மறுபுறம் வீதியும் கல்மதிலும். பள்ளத்தின் வாய் சிறியதுதான், ஆனால் சுற்றியுள்ள தரை முழுவதும் அதை நோக்கிச் சரிகிறது. சிறிய கேணி ஒன்றுக்குப் பெரிய நீரேந்து பரப்பு இருப்பதுபோல, பத்தடி தள்ளி விழுந்த பந்தும் மெல்ல உருண்டு அதற்குள் போய்ச் சேரும். கோல்பின் மிகப் பழைய பெரும்போட்டியான ஓபன் போட்டியில், 1978 ஆம் ஆண்டு, ஜப்பானிய வீரர் டொமி நகஜிமா முன்னணிக்கு அருகில் இருந்த நேரத்தில், பந்தை இரண்டே தடவை அடித்து அந்தக் கிறீனை அடைந்தார். மூன்றாவது அடியாக மெல்லத் தட்டிய பந்து சரிவில் ஏறி, திரும்பி, பள்ளத்தில் விழுந்தது. வெளியேற நான்கு அடி. பின் குழியில் சேர்க்க இரண்டு. நான்கு அடியில் முடிக்கவேண்டிய இடத்தில் ஒன்பது. 2000 ஆம் ஆண்டின் இறுதிநாளில் அமெரிக்கர் டேவிட் டுவால் அதே பள்ளத்திலிருந்து வெளியேற நான்கு அடி எடுத்தார். அதே போட்டியில் வென்ற டைகர் வூட்ஸ், நான்கு நாட்களில் ஆடிய 72 குழிகளிலும் 112 பள்ளங்களில் ஒன்றில்கூட விழவில்லை. அந்த வெற்றியைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அந்தக் கரைகளில் நடந்து பார்த்தபின் இந்த ஒரு தகவல் மட்டுமே எனக்கு வியப்பாகத் தோன்றுகிறது.

ஜாக் நிக்லஸ் போன்ற மேதையே 1995 இல் நரகத்துக்குள் நான்கு அடிகளைச் செலவிட்டு அந்தக் குழியைப் பத்து அடியில் முடித்தார். 1921 இல் பத்தொன்பது வயதான பொபி ஜோன்ஸ், பதினோராம் குழியருகே ‘ஹில்’ என்ற பள்ளத்தில் அகப்பட்டு, கோபத்தில் பந்தை எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்தே விலகினார். அதற்காக அவர் வாழ்நாள் முழுதும் வெட்கப்பட்டார். 1927 இல் அதே நிலத்தில் ஓபன் கிண்ணத்தை வென்றார். 1958 இல் சென்ட் அன்ட்ரூஸ் அவருக்குத் தன் நகரத்துக் குடியுரிமையை அளித்துக் கௌரவித்தது.

விழுந்த பந்தை வெளியேற்றும் முறையையும் குறிப்பிடவேண்டும். பதுங்குவதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதில்தான் நன்றாகத் தெரியும். மணலில் கிடக்கும் பந்தை நேரே அடிப்பதில்லை. பந்துக்கு ஓரிரு அங்குலம் பின்னால் மணலில் மட்டையை இறக்கினால், பெயர்ந்து எழும் மணல் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். மட்டை பந்தைத் தொடுவதே இல்லை. பழைய மட்டைகளின் விளிம்பு மணலுக்குள் புதைந்துவிடும். அடிப்பாகம் தடித்து, மணலில் புதையாமல் வழுக்கிச் செல்லும் மட்டையை ஜீன் சரசன் உருவாக்கி, 1932 இல் ஓபன் போட்டியில் அதைக்கொண்டே வென்றார். அந்த மட்டை இருந்தும் சென்ட் அன்ட்ரூஸில் சுவருக்கு அருகே பந்து ஒட்டிக்கிடந்தால் குழியை நோக்கி அடிக்க வழியில்லை. பக்கவாட்டிலோ பின்புறமாகவோ அடித்து, வந்த வழியே திரும்பவேண்டும். அடிக்குமுன் மட்டையால் மணலைத் தட்டிச் சோதிக்கக்கூடாது என்பது விதி. 2019 இல் விதிகளைத் திருத்தியபோது, உள்ளே கிடக்கும் சருகையும் கல்லையும் அகற்றலாம் என்றும், இயலாது என்று கருதுபவர் இரண்டு அடிகளைத் தண்டமாக ஏற்றுப் பந்தை வெளியே எடுத்து வைக்கலாம் என்றும் தளர்த்தினார்கள். வெளியேறியவர் விறாண்டியை எடுத்துத் தம் காலடித் தடங்களை அழித்துவிட்டுத்தான் போகவேண்டும். அடுத்து விழப்போகிறவருக்குச் செய்யும் மரியாதை அது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இதற்கு ‘மணற்கிடங்கு’ என்ற சொல்லைப் பரிசீலிக்கும்படி கேட்கிறேன். மணற்குழி என்று சொன்னால் என்ன பிழை என்று சிலர் கேட்கக்கூடும். கோல்ப் ஆட்டத்தில் குழி என்ற சொல் பந்து சேரவேண்டிய இடத்துக்கு ஏற்கெனவே உரிமையாகிவிட்டது. பதினெட்டுக் குழிகளுக்கு நடுவே மேலும் 112 குழிகளைக் கொண்டுவந்தால், மேலே காட்டிய வசனம் மறுபடியும் பிறக்கும். கிடங்கு என்பது நம் பேச்சில் பள்ளத்தைக் குறிக்கும் அன்றாடச் சொல். வாழை வைக்கக் கிடங்கு வெட்டுகிறோம், குப்பைக்குக் கிடங்கு வெட்டுகிறோம். பழந்தமிழில் கோட்டையைச் சூழ்ந்த அகழிக்கும் அதுவே பெயர். தமிழகத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அங்கே கிடங்கு என்றால் பண்டங்களைச் சேமிக்கும் கட்டடமாயிற்றே, மணற்கிடங்கு என்றால் மணல் விற்பவரின் குதம் என்றல்லவா நினைப்பார்கள் என்று சிரித்தார். நான் அவருக்கு எடின்பரோ வீட்டுக் குசினியைப் பற்றிச் சொன்னேன். பண்டம் வைக்கும் பெட்டியும், நிலக்கரி கொட்டும் அறையும், மணல் நிறைந்த பள்ளமும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. சேமிப்பிடமும் பள்ளமும் தமிழில் கிடங்கு என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. இத்தனை பொருத்தமான சொல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, நாம் போர்க்காலச் செய்தியிலிருந்து ஒன்றை இரவல் வாங்கவேண்டியதில்லை. அதுவும் பிடிக்காவிட்டால் ‘பங்கர்’ என்றே எழுதலாம். விக்கெட்டையும் கோலையும் ஏற்றுக்கொண்ட நம் விளையாட்டுப் பக்கங்களுக்கு அது பாரமாகாது. லிங்க்ஸ் என்பதையும் அப்படியே எழுதி, முதன்முறை வரும்போது ‘கடலோர மணல்நிலத்துக் கோல்ப் மைதானம்’ என்று ஒரு குறிப்பைச் சேர்த்தால் போதும்.

ஓபன் போட்டி 2027 ஜூலையில் மீண்டும் சென்ட் அன்ட்ரூஸுக்கு வருகிறது. அந்த நான்கு நாட்களும் நரகம் பற்றியும் ரோட் பங்கர் பற்றியும் தங்கள் பக்கங்களில் செய்தி வராமல் இராது. சொல்லைத் தீர்மானிக்க அதுவரை அவகாசம் இருக்கிறது. என் அயலவர் இப்போதே அந்த வாரத்துக்குத் தம் மடக்குக் கதிரையைத் தூசி தட்டி வைத்திருக்கிறார். பதினேழாம் குழியின் மதிலோரம், பள்ளம் நேரே தெரியும் இடத்தில், எனக்கும் ஒரு கதிரை போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
டண்டீ, ஸ்கொட்லாந்து.